கொப்பி வாத்தியம் வாங்கினால் களவா?

கேள்வி: நாங்கள் நுரைச்சோலையில் ஒரு சிறிய இசைக்குழு. கலியாண வீடு, பள்ளிக்கூட விழா, தலவில அன்னம்மாள் திருவிழா நாட்கள் என்று வாசிக்கிறோம். பழைய மினிமூக் சின்தசைசரைப் பார்த்துச் செய்த பெரிங்கர் மொடல் டி ஒன்றும் நான்கு மைக்கும் வாங்கக் காசு சேர்த்திருக்கிறோம். ஷூர் எஸ்.எம்.58 மைக்கைக் கடை விலையில் கால்வாசிக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொப்பி சாமான் வாங்குவது களவுக்குத் துணைபோவது என்று குழுவில் ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். இருக்கிற காசுக்கு இதுதான் வரும், அசல் கொம்பனிக்கு எங்களால் என்ன நட்டம் என்கிறார்கள் மற்றவர்கள். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், நுரைச்சோலை

பதில்: மைக்கும் சின்தசைசரும் ஒரே வழக்கு அல்ல. மைக்கை முதலில் பார்ப்போம்; அதில் தயக்கத்துக்கு இடமில்லை. எஸ்.எம்.58 மைக்கை ஷூர் 1966இல் வெளியிட்டது. அன்று முதல் பாடகர்களின் கையில் இருப்பதால் போலி செய்பவர்களுக்கும் அதன்மேல்தான் கண். புதிய அசல் மைக்கைக் கால் விலைக்கு விற்க எந்த வியாபாரிக்கும் கட்டாது. கையில் கிடைத்தால் வலைத் தலையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். அசலில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜுக்கு மஞ்சளும் பச்சையுமாக இரண்டு வயர்கள் போகும். கேபிள் இல்லாமல் அதன் எடை 298 கிராம். போலிகள் பல அதைவிட இலேசானவை. வயரின் நிறத்தைப் போலி செய்பவரும் மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், ரசீதும் உத்தரவாதமும் கேளுங்கள். இங்கே நடப்பது பொய்: ஒருவர் செய்த பொருளில் இன்னொருவர் பெயர். நாளைக்கு அந்த மைக்கை நீங்கள் வாடகைக்குக் கொடுத்தாலோ விற்றாலோ அந்தப் பொய் உங்கள் கையால் அடுத்தவருக்குப் போகிறது. பெரிங்கரின் எக்ஸ்.எம்.8500 மைக்கும் பார்வைக்கு எஸ்.எம்.58 சாயல்தான், ஆனால் அதில் இருப்பது பெரிங்கர் பெயர். வாங்குபவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குகிறார். அதில் எனக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை.

சின்தசைசருக்கு வருவோம். மினிமூக் 1970இல் வந்தது. அன்றைய விலை ஏறத்தாழ 1,500 டொலர். அதன் தடித்த ஒலிக்குக் காரணம், டிரான்சிஸ்டர்களை ஏணிபோல அடுக்கி ராபர்ட் மூக் அமைத்த ஃபில்டர். அதற்கு 1969இல் அமெரிக்காவில் பேட்டன்ட் கிடைத்தது. அன்றைய சட்டப்படி 17 ஆண்டுகள். 1986இல் காலம் முடிந்தது. பேட்டன்ட் என்பது சமூகமும் கண்டுபிடிப்பாளரும் செய்துகொள்ளும் உடன்படிக்கை. இந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அவர் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறார். பதிலுக்குக் குறித்த காலம் வரை அவர் மட்டும் விற்கலாம். அதன்பின் அது பொதுச்சொத்து. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்திலும் இதே ஏற்பாடுதான். காலம் 20 ஆண்டுகள். மினிமூக் உற்பத்தி 1981இல் நின்றது. 2016இல் மூக் கொம்பனி அதை மீண்டும் செய்தபோது விலை ஏறத்தாழ 3,500 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே வரி சேராமல் 10 லட்சத்துக்கு மேல். பெரிங்கரின் மொடல் டி வந்தபோது ஏறத்தாழ 300 டொலர். அதாவது 90 ஆயிரம் ரூபாயளவு. உடன்படிக்கையின் காலம் முடிந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகு, தன் பெயரைப் போட்டு ஒருவர் செய்வதைக் களவு என்று சொன்னால், மூக் அன்று ஒப்புக்கொண்ட நிபந்தனையையே நாம் இன்று மாற்றுகிறோம்.

நம்முடைய வாத்தியங்களின் கதையும் இதற்குச் சாட்சி. 1950களின் நடுவில் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி, டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நீண்ட பாரி நாதஸ்வரத்தைச் செய்தார். அதற்கு முன் இருந்த குட்டையான திமிரியில் சுத்த மத்திமம் சரியாக நிற்காது; சுருதியும் உச்சத்தில் இருக்கும். ஆசாரி குழலின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றி அதைத் தீர்த்தார். இன்று தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் கோயில் வீதிகளில் பெரும்பாலும் ஒலிப்பது பாரிதான். மற்ற ஆசாரிகள் அந்த அளவைப் பார்த்துக் கடையாமல் இருந்திருந்தால் அது ஒரு வித்துவானின் கையோடு நின்றிருக்கும். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காப்பது ஊரின் பெயரை. பாரியை எந்த ஊரிலும் செய்யலாம். வேறு ஊரில் செய்ததை நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் என்று விற்க முடியாது. உங்கள் மைக்குக்கும் சின்தசைசருக்கும் இடையில் நான் போடும் கோடும் இதுதான். ஆர்மோனியமும் அப்படி வந்ததே: பாரிஸில் தெபாங் 1842இல் பேட்டன்ட் எடுத்த பெட்டியை, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி மாற்றினார். அப்படி மாற்றிய ஆர்மோனியம் இல்லாமல் நம் நாடக மேடையும் பஜனையும் ஏது?

சட்டம் விட்டதெல்லாம் நியாயமாகிவிடுமா என்று உங்கள் நண்பர் கேட்பார். ஆகாது, இந்த இடத்தில் அவர் பக்கம் பலம் உண்டு. ஒலிக்கலவை மிக்சர்களைப் பார்த்துச் செய்ததாக மாக்கி கொம்பனி 1997இல் பெரிங்கர்மேல் வழக்குப் போட்டது. மின்சுற்றுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று அந்த உரிமைக்கோரிக்கையை நீதிமன்றம் தள்ளியது. சட்டத்தின் வலையில் எவ்வளவு பெரிய ஓட்டை என்பது அதிலேயே தெரிகிறது. 2005இல் ரோலண்ட், தன் பொஸ் கிற்றார் பெடல்களின் நிறமும் தோற்றமும் அப்படியே எடுக்கப்பட்டதாக வழக்குப் போட்டது. சமரசமானது, பெரிங்கர் பெடல்களின் தோற்றம் மாறியது. இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பிரான்சின் ஆர்ட்டூரியா 2016இல் கீஸ்டெப் என்ற சிறிய கீபோட்டைக் கொண்டுவந்தது. அது சந்தையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, சில ஆண்டுகளில், பொத்தான்கள் இருக்கும் இடம் முதற்கொண்டு ஒத்த ஸ்விங் என்ற பொருளைப் பெரிங்கர் வெளியிட்டது. கீஸ்டெப் ஏற்கெனவே பெரும்பாலானோர் வாங்கக்கூடிய விலையில்தான் இருந்தது. ஆகவே, எளியவருக்கு எட்டச் செய்தோம் என்ற நியாயம் அங்கே நிற்காது. செய்தவர் இன்னும் அதை விற்றுத்தான் தன் பொறியியலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார். அந்த நேரத்தில் அவர் பட்ட பாட்டை இலவசமாக எடுத்துக்கொண்டு விலையைக் குறைப்பது, வழக்கில் தோற்காவிட்டாலும் தவறுதான். அதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

எல்லோரும் மலிவுக் கொப்பியையே வாங்கினால் புதிதாகச் செய்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. புதிய பொருளைப் பொறுத்தவரை அந்தப் பயம் சரியானதே. பழைய பொருளில் நடந்தது வேறு. ரோலண்டின் டி.ஆர்.808 தாளப்பெட்டி 1980இல் வந்து 1983இல் நின்றது. மொத்தம் ஏறத்தாழ 12,000 பெட்டிகள். அதன்பின் பழைய பெட்டிகள் கை மாறிக் கை மாறி விலை ஏறியபோது அந்தப் பணம் விற்றவர்களுக்குப் போனது. வடிவமைத்தவர்களுக்கு ஒரு சதம் போகவில்லை. இதற்கு மாறாக கோர்க் கொம்பனி, தன் 1978ஆம் ஆண்டு எம்.எஸ்.20 சின்தசைசரை 2013இல் தானே சிறிதாக்கி மலிவாகத் தந்தது. அசல் கொம்பனியே இப்படி இறங்கி வரும்போது அதைத்தான் முதலில் வாங்க வேண்டும். மூக் கொம்பனி 2023இல் இன்மியூசிக் குழுமத்திடம் கைமாறியதற்குக் கொப்பிகள்தான் காரணம் என்று சொல்வோர் உண்டு. ஒரு கொம்பனியின் வீழ்ச்சியை அப்படி ஒற்றைக் காரணத்தில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

எங்களால் என்ன நட்டம் என்ற வாதத்தையும் முழுதாக ஏற்க மாட்டேன். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360ஐத் தொட்ட நாட்டில், 10 லட்ச ரூபாய்ப் பெட்டியை நீங்கள் எப்படியும் வாங்கியிருக்க மாட்டீர்கள். மூக்கின் விற்பனையில் ஒன்று குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இதே வாதத்தை அப்படியே போலி மைக்குக்கும் சொல்லலாம் என்பதுதான் அதன் பலவீனம். கையில் காசில்லாததால் பிறர் பெயரில் விற்கும் பொய் உண்மையாகாது. எனவே மொடல் டியை வாங்குங்கள். நான்கு போலி மைக்குக்குப் பதில் ஒரு அசல் எஸ்.எம்.58, மற்றவை தம் சொந்தப் பெயரில் வரும் மலிவு மைக்குகள். பிள்ளைகள் அந்தப் பெட்டியைப் பார்த்து இது என்ன என்று கேட்டால், ராபர்ட் மூக் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

காசு கொடுக்குமுன் சில விடயங்கள். மொடல் டியில் கட்டைகளே இல்லை. வேறு கீபோட்டால்தான் அதை வாசிக்க வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். கோர்ட் பிடிக்க முடியாது. பாஸுக்கும் தனிச்சுரத்துக்கும் நன்று. ஆராதனைப் பாட்டுக்கும் கலியாணப் பாட்டுக்கும் இப்போதுள்ள கீபோட்டை விற்றுவிடாதீர்கள். அந்தக் கீபோட்டின் பின்னால் ஐந்து ஊசி மிடி அவுட் துளை இருக்கிறதா பாருங்கள், யு.எஸ்.பி. மட்டும் இருந்தால் இரண்டையும் நேரடியாக இணைக்க முடியாது. உங்கள் பக்கத்து உப்புக்காற்று ஜாக்குகளையும் திருகுகளையும் சீக்கிரம் அரிக்கும், வாசிக்காத நேரத்தில் மூடி வையுங்கள். பலகையில் இருக்கும் பாகங்கள் மிகச் சிறியவை. ஊரில் ரேடியோ திருத்துபவரால் எளிதில் கழற்றி மாற்ற முடியாது. பழுதானால் எங்கே திருத்தித் தருவீர்கள் என்று கொழும்புக் கடைக்காரரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.