பாகங்களாக வாங்கிக் கோக்கும் கார்

1957ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்னும் சிறு காரை வெளியிட்டது. முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆகவே பலர் வீட்டிலேயே கோத்தனர். 1973இல் அவ்வரி நீங்கியது. அவ்வாண்டில் உரிமை பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம் இன்றும் அக்காரைப் பாகங்களாகவும் விற்கிறது.

இனி அதன் முன்பகுதியைக் காண்போம். சட்டத்தின் இருபுறமும் மேலும் கீழுமாகக் கைகள் பொருந்துகின்றன. அவற்றின் வெளிமுனைகளை இணைக்கும் நிமிர்ந்த உறுப்பே சக்கரத்தைத் தாங்குகிறது. குலுக்கலைச் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஏற்கின்றன. ஸ்டீயரிங் ரேக்கை நடுநிலையில் நிறுத்தி, இருபுற டை ராடு முனைகளையும் சம அளவு திருகிப் பூட்டுதல் வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கீழ்க்கைகளின் உள்முனையில் ரப்பர் புஷ்கள் உள்ளன. கை ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதும் இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கேறியே நிற்கும், விரைவில் கிழியும். கிழிந்தால் சக்கரம் ஆடும், ஸ்டீயரிங் சொற்கேளாது. எனவே முதலில் இலேசாக இறுக்கி, காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பின்னரே முழுதும் இறுக்குதல் முறையாகும். சக்கரங்களின் நேர்நிலையை அளப்பது அதன் பிறகே.

எப்போது இறுக்க வேண்டும் என்பதை அறிவதும் பொறியியலே, நண்பர்களே!