பொடுதலையைப் பூக்க விடுங்கள்

வீட்டைச் சுற்றித் தேனீ வரவேண்டும், என்ன செடி வைக்கலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது பொடுதலை. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கண்மாய்க் கரையிலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் பூண்டுதான். ஒருமுறை மண்ணைப் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் இருக்கும். வெயில் தாங்கும், மிதி தாங்கும், கொஞ்சம் உவர் மண்ணும் தாங்கும். வளர்ப்பதில் சிரமமே கிடையாது. அதைப் பூக்க விடுவதற்குத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை.

1. முதலில் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடும் கொடி. இலைகள் எதிரெதிராக இருக்கும். அடி குறுகி, நுனி அகன்று, நுனிப்பக்கம் மட்டும் பல் வெட்டியிருக்கும். தொட்டால் சற்றுத் தடிப்பாக இருக்கும். இலைக்கக்கத்திலிருந்து ஒரு காம்பு நிமிர்ந்து எழும், அதன் தலையில் சிறு திப்பிலி போல ஒரு பூங்கொத்து. தாவரவியலார் இதை பைலா நோடிஃப்ளோரா என்கிறார்கள். பழைய புத்தகங்களில் லிப்பியா நோடிஃப்ளோரா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

2. நல்ல வெயில் விழும் இடம் கொடுங்கள். மரநிழலில் கொடி நீளுமே தவிர பூக்காது. பூ இல்லையென்றால் தேனீயும் இல்லை.

3. நர்சரியில் அலைய வேண்டாம். விவசாயி ஒருவரிடம் கேட்டு, வரப்பிலிருந்து நாலைந்து கொடி வாங்கி வந்தால் போதும். கேட்காமல் எடுக்காதீர்கள், கரை மண்ணைப் பிடித்துவைத்திருப்பது அந்த வேர்தான். களைக்கொல்லி அடித்த வரப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். சாக்கடை கலக்கும் வாய்க்காலும் வேண்டாம், பின்னால் வீட்டில் யாராவது இலையைப் பறித்துத் துவையல் அரைப்பார்கள், தலைக்கு எண்ணெய் காய்ச்சுவார்கள்.

4. புரட்டாசியில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூன்று நான்கு கணு உள்ள துண்டாக நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி படுக்க வைத்து, ஓர் அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் மண் காயக்கூடாது. அதன்பிறகு தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். உரம் வேண்டாம், கொழுத்த மண்ணில் இலைதான் மண்டும். மாடிக்காரர்கள் அகலமான தொட்டியில் வைத்து விளிம்பில் தொங்க விடலாம், நன்றாகவே வரும்.

5. "தரையை மூடும் செடி" என்று கேட்டால் மஞ்சள் பூ பூக்கும் வெடிலியாவை எடுத்து நீட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் உண்ணிச்செடியோடு அதுவும் இருக்கிறது. வாங்காதீர்கள். இதே கண்டிப்பு நம் பக்கமும் வேண்டும்: வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொடுதலைத் துண்டைக் கொடுத்தனுப்பாதீர்கள். இதன் தென் அமெரிக்க உறவுச்செடி ஒன்று ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் புகுந்து மேய்ச்சல் நிலத்தை அழித்துக்கொண்டிருக்கிறது.

6. பூத்ததும் ஒரு காலை குனிந்து உட்கார்ந்து பாருங்கள். கொத்து முழுவதும் ஒரே நாளில் மலராது. அடியில் ஒரு வளையமாகச் சில பூக்கள் விரியும், பிறகு அதற்கு மேல் ஒரு வளையம், அதற்கும் மேல் இன்னொன்று. கொத்து நீண்டுகொண்டே போகும், பூ வளையம் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு பூவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். வெள்ளை இதழ், தொண்டையில் மஞ்சள், வயதானதும் ஊதாச் சாயல். இவ்வளவு சின்னப் பூவில் தேன் எடுக்கச் சின்ன வாய் வேண்டும். அதனால்தான் இங்கே கொம்புத்தேனீயும் கொடுக்கில்லாத கொசுத்தேனீயும் அதிகம் வரும். கொம்புத்தேனீ ஒரே ஓர் அடையைக் கிளையில் வெட்டவெளியில் கட்டுவது. பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது. அதற்கு நாம் செய்யக்கூடியது பூவைக் கொடுப்பது மட்டும்தான். கரும்பும் நெல்லும் மட்டுமே இருக்கும் ஊரில், வாய்க்கால் கரைக்கும் காங்கிரீட் போட்டுவிட்டபின், அந்தத் தேனீ எங்கே போகும்? உங்கள் வாசலில் பத்தடிக்குப் பத்தடி பொடுதலை இருந்தால் அது சின்ன விஷயமில்லை. சிறு நீல வண்ணத்துப்பூச்சிகளும் வரும். இலையில் கறுத்த, முள்முள்ளான புழு இருந்தால் நசுக்காதீர்கள். மயில் வசீகரன் என்ற வண்ணத்துப்பூச்சியின் குழந்தையாக இருக்கலாம்.

7. வெட்டத்தான் வேண்டும், ஆனால் முழுவதையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். பாதியை இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். அது மறுபடி பூத்தபின் மறுபாதி. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், சுத்தமாகத் தெரியவேண்டும் என்று மொத்தமாக மழித்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்று அந்தத் தேனீக்களுக்குப் பட்டினி.

8. பூச்சிமருந்து அடிக்கவே அடிக்காதீர்கள். பக்கத்துப் பாத்தியில் கத்தரிக்கு அடித்தாலும் காற்றில் இங்கே வந்து விழும். கடையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் இமிடாகுளோப்ரிட், தயோமீத்தாக்சாம் ஆகியவற்றைத் திறந்த வயலில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை போட்டது, காரணம் தேனீக்கள்தான். இவை செடிக்குள் ஊறி, தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். வேப்பெண்ணெய் தெளித்தாலும் பொழுது சாய்ந்து தேனீ போனபிறகு தெளியுங்கள், பூவின்மேல் வேண்டாம்.

9. வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் உள்ள வீட்டில் நடைபாதையை ஒட்டி இதை வைக்காதீர்கள். மிதிபட்டால் கொம்புத்தேனீ கொட்டும்.

10. எல்லா மண்ணையும் மூடிவிட வேண்டாம். வெயில் படும் ஓரத்தில் இரண்டு மூன்று சதுர அடியைக் கொத்தாமல், மூடாக்குப் போடாமல் வெறுமனே விடுங்கள். வயிற்றில் நீல வரி போட்ட தேனீ ஒன்று மண்ணில் வளை தோண்டித் தனியாக வாழ்கிறது. அது கூட்டமாகச் சேராது, தேன் சேர்த்து வைக்காது. கத்தரிப் பூவையும் தக்காளிப் பூவையும் பிடித்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பது அந்த மாதிரித் தேனீக்கள்தான்; அடையில் வாழும் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது. காய்கறி போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு மண்தட்டில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடாமல் தினமும் மாற்றுங்கள்.

11. சித்திரை, வைகாசியில் இலை சுருங்கிப் பழுப்பாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். கணுவைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே பச்சை இருக்கும். வாரம் ஒருமுறை அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாலே தாக்குப்பிடிக்கும். கோடைமழை ஒன்று பெய்ததும் கணுக்களில் துளிர் விடும், அடுத்த சில வாரங்களில் பூவும் வந்துவிடும்.