விமானத்துறை ஆராய்ச்சி: எதற்கு முதலிடம்?

1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்கள் கேரளத்தில் நிலைத்தன; அடுத்திருந்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மண்ணில் வரைந்த இந்த எல்லையை யாவரும் அறிவர். ஆனால் புவியின் காந்த நடுக்கோடும் இத்தென்முனையை ஒட்டியே செல்கிறது என்பதைப் பலர் அறியார். தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். விமான ஆராய்ச்சிக்கு முன்னுரிமை வகுப்போரும் கருதத்தக்கது அக்கோடு.

அரசின் ஆராய்ச்சி நிதி அளவுடையது. எதற்கு முதலில் செலவிடுவது? 1959-இல் நிறுவப்பெற்ற தேசிய விமானவியல் ஆய்வகம் விமானங்களையே உருவாக்க முற்பட்டது. இரு இருக்கைப் பயிற்சி விமானமான ஹன்சா 1993-இல் பறந்தது. பதினான்கு இருக்கைகள் கொண்ட சரஸ் 2004-இல் பறந்தது. 2009-இல் சரஸின் இரண்டாம் முன்மாதிரி விழுந்து விமானப்படையினர் மூவர் உயிரிழந்தனர். திட்டம் நெடுங்காலம் தடைப்பட்டது. அதே ஆய்வகம் ஓடுபாதையில் பார்வைத் தொலைவை அளக்கும் 'திருஷ்டி' கருவியையும் ஆக்கித் தந்தது. பெருமை விமானத்துக்கே சேர்ந்தாலும், பனிமூட்டத்தில் நாள்தோறும் உதவுவது இச்சிறு கருவியே.

செயற்கைக்கோள் வழிகாட்டுதலில் சிக்கல் வேறு. கோள்களின் சமிக்ஞை அயனி மண்டலத்தைக் கடக்கும்போது தாமதப்படுகிறது. நடு அகலாங்குகளில் அத்தாமதம் பெரும்பாலும் சீராக மாறும். 2003-இல் இயங்கத் தொடங்கிய அமெரிக்க அமைப்பு அம்மண்டலத்தை ஒரே மெல்லிய அடுக்காகக் கருதியே திருத்தம் கணித்தது. காந்த நடுக்கோட்டருகே பகலில் மின்துகள்கள் மேலெழுந்து, இருபுறமும் வடக்கிலும் தெற்கிலும் இறங்கிக் குவிகின்றன. அந்தி சாய்ந்தபின் குமிழிகள் தோன்றிச் சமிக்ஞையைச் சிதறடிக்கின்றன. எனவே அயல்நாட்டுக் கணிப்பு முறையை அப்படியே வாங்கிப் பயன்படுத்த இயலாது. பிறரிடம் விலைக்குக் கிடைக்காததே நம் ஆய்வில் முந்த வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து அமைத்த 'ககன்' இதனை எதிர்கொண்டது. திருவனந்தபுரம் உள்ளிட்ட 15 நிலையங்களின் அளவீடுகளைத் திரட்டி, பல அடுக்குகளாகக் கணிக்கும் முறை வகுக்கப்பட்டது. 2013 டிசம்பரில் வழிச்செலவுக்கும், 2015 ஏப்ரலில் செங்குத்து வழிகாட்டுதலுடன் ஓடுபாதையை அணுகுவதற்கும் அது சான்றிதழ் பெற்றது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் ஒரு பயணி விமானம் அதன் துணையுடன் இறங்கியது. தரையிறங்கு கருவிகளை ஒவ்வோர் ஓடுபாதையிலும் நிறுவ வசதியற்ற சிறு நிலையங்களுக்கு இது பெரும் பயன். எனினும் விமானத்தில் உரிய ஏற்பி இருந்தால்தான் அப்பயன் கிட்டும். அதனைப் பொருத்தும் செலவு ஆய்வகத்துடையதன்று, விமான நிறுவனங்களுடையது.