கையெழுத்து நிபுணர் சொன்னா போதுமா? மனை வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோவிலுக்கு மாலையோட போறவங்க ஈசிஆர் ஓர மனை விளம்பரங்களையும் பார்த்திருப்பீங்க. பல வருஷ சேமிப்பைப் போட்டு ஒரு மனை வாங்குறீங்க. அப்புறம் வெளிநாட்டுல இருக்கற உரிமையாளர் வந்து, "பவர் பத்திரத்துல இருக்கறது என் கையெழுத்தே இல்ல"ன்னு வழக்கு போட்டா? நிபுணர்கிட்ட அனுப்பினா உண்மை தெரிஞ்சிடும்னு நினைப்போம். அது அவ்வளவு சுலபம் இல்ல.

நிபுணர் எதைப் பார்ப்பார்?

எழுத்தோட ஓட்டம், சாய்வு, பேனா அழுத்தம், பேனாவைத் தூக்கின இடம். இதையெல்லாம் கிட்டத்தட்ட அதே காலத்துல அவர் போட்ட உண்மையான கையெழுத்துகளோட ஒப்பிடுவார். ஜெராக்ஸ்ல அழுத்தம் சரியா தெரியாது. அதனால அசல் பத்திரம் முக்கியம்.

கோர்ட் எப்படிப் பார்க்குது?

பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 39 (பழைய சட்டத்துல 45) படி இது ஒரு 'கருத்து' மட்டும்தான். நிபுணர் கருத்தை மட்டும் நம்பித் தண்டிப்பது பாதுகாப்பில்லன்னு மகன் பிஹாரி லால் வழக்குல (1977) உச்ச நீதிமன்றம் சொன்னது. கைரேகை அளவுக்கு இந்த அறிவியல் துல்லியமானது இல்ல, ஆனா காரணங்கள் வலுவா இருந்தா ஏத்துக்கலாம்னு முராரி லால் வழக்குல (1980) விளக்கினது.

2022-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல 86 நிபுணர்கள் கலந்துக்கிட்டாங்க. வேற வேற ஆள் எழுதினதை 'ஒரே ஆள்'னு தவறா சொன்னது 3.1%. இரட்டையர் எழுத்துன்னா 8.7%. சின்னக் கையெழுத்துல ஒப்பிடவே எழுத்து கம்மி. நூத்துக்கு மூணுதானேன்னு விட முடியாது. உங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு மனை!

அப்போ என்ன செய்யணும்?

1. பதிவுச் சட்டம் பிரிவு 32ஏ (2001 திருத்தம்) படி விற்பவர், வாங்குபவர் போட்டோவும் கைரேகையும் பத்திரத்துல இருக்கணும். முந்தைய பத்திரத்தோட சான்றிட்ட நகல் வாங்கிப் பாருங்க.
2. பவர் ஏஜென்ட் விற்கிறாரா? உரிமையாளர்கிட்ட வீடியோ கால்லயாவது நேரடியா பேசுங்க. அவர் உயிரோட இருக்கறதுக்கான சான்று கேளுங்க. அவர் இறந்துட்டா சாதாரண பவர் செல்லாது.
3. வில்லங்கச் சான்றையும் அசல் தாய்ப்பத்திரத்தையும் வக்கீல்கிட்ட காட்டுங்க.
4. பணத்தை உரிமையாளர் பேங்க் கணக்குக்கே அனுப்புங்க.

வழக்கு வந்த பிறகு நிபுணரைத் தேடுறதை விட, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி இந்த நாலையும் முடிச்சிடுங்க. பவர் பத்திரம் பத்தின சந்தேகங்களை வீடியோவுக்குக் கீழ கேளுங்க.