எடைக்கு ஏன் இரண்டு தராசு?

போளூர்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே மலையில் பூண்டு பிடுங்கிக் காயப்போட்டிருக்கிறோம். உன் அம்மா வந்திருந்தபோது, நீ விடுதியில் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாய் என்று சொல்லி வருத்தப்பட்டாள். கல்யாண வீட்டில் யாரோ, "என்ன கண்ணு, இப்படிப் பெருத்துட்டே?" என்று கேட்டதிலிருந்துதான் இந்தப் பட்டினியாம். போனில் சொன்னால் "சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அதே கல்யாண வீட்டில் உன் அண்ணனும் இருந்தான். அவனுக்கும் இப்போது வயிறு முன்னால் வந்திருக்கிறது. அவனைப் பார்த்து, "கல்யாணத்துக்கு அப்புறம் நல்லா தெளிஞ்சுட்டான்" என்றார்கள். அவன் சிரித்தபடி இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டான். நீ இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாய். கூடின எடை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவனுக்கு அது பெருமை, உனக்கு அது அவமானம்.

கிராம சுகாதார செவிலியராக நான் இந்த மலையில் வீடு வீடாகப் போன காலமெல்லாம் இதைப் பார்த்தேன். எடை பார்க்கச் சொன்னால் பெண்கள் செருப்பையும் ஸ்வெட்டரையும் கழற்றி வைத்துவிட்டு, முள்ளைப் பார்க்கப் பயந்துகொண்டு ஏறுவார்கள். ஆண்கள், "எனக்கு என்ன குறை?" என்று ஏறாமலே காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பயமும் அலட்சியமும் இரண்டுமே உடம்பைக் கெடுக்கும்.

இது நம் ஊர்ப்பக்கம் மட்டும் உள்ள வழக்கம் இல்லை. 1985இல் அமெரிக்காவில் ஏப்ரல் ஃபாலன், பால் ரோசின் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒல்லியிலிருந்து பருமன் வரை வரிசையாக வரைந்த உருவங்களைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். இப்போது எப்படி இருக்கிறாய், எப்படி இருக்க ஆசைப்படுகிறாய், எதிர்ப்பாலினர் எதை விரும்புவார்கள் என்று கேட்டார்கள். ஆண்களுக்கு மூன்று பதிலும் கிட்டத்தட்ட ஒரே உருவத்தில் வந்து நின்றன. பெண்களோ தாங்கள் இருப்பதைவிட மெலிந்த உருவத்துக்கு ஆசைப்பட்டார்கள். ஆண்களுக்குப் பிடிக்கும் என்று பெண்கள் காட்டிய உருவம், ஆண்கள் தாங்களே காட்டியதைவிட ஒல்லியாக இருந்தது. யாரும் கேட்காத ஒன்றுக்காகத்தான் அந்தப் பெண்கள் தங்களை வருத்திக்கொண்டார்கள். நீயும் அதைத்தான் செய்கிறாய்.

பிஜித் தீவில் நட்ரோகா என்று ஒரு பகுதி. சதைப்பிடிப்பான உடம்பைத்தான் அங்கே அழகு என்று நினைத்தார்கள். 1995இல் அங்கே டிவி வந்தது. 1998இல் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தபோது, எடையைக் குறைக்கச் சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் புதிதாக வந்திருந்தது. அந்த டிவி வீட்டுக் கூடத்தில் இருந்தது. உன் செல்போன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் வருகிற இடுப்புகளோடு உன் இடுப்பை ஒப்பிடாதே.

பருவத்துக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது இயற்கை. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு அப்படித்தான் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வர உடம்பில் போதிய கொழுப்பு வேண்டும். தொடர்ந்து பட்டினி கிடந்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். ஆண்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள்ளே சேர்கிறது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மாரடைப்பும் வரும் ஆபத்து அதனால் கூடுகிறது. ஊர் மெச்சுகிற அண்ணனின் தொப்பைதான், ஊர் குறை சொல்கிற உன் தொடையைவிட ஆபத்தானது.

எடையே பிரச்சினை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேரும் 100 ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். இரண்டு எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏச்சு மட்டும் ஒரு பக்கத்துக்கே போகிறது. அதே ஆய்வில் 15 முதல் 49 வயதுவரை உள்ள நம் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகையோடு இருந்தார்கள். உன் வயதில் நீ பயப்பட வேண்டியது இதற்குத்தான். இரவுச் சாப்பாட்டை விட்டால் முதலில் குறைவது இடுப்பளவு இல்லை. தெம்பும் படிப்பில் கவனமும்தான் குறையும்.

ஆகவே இப்படிச் செய். மூன்று வேளையும் சாப்பிடு. கீரை, முட்டை, பயறு, நம் ஊர் பட்டர் பீன்ஸ் எது கிடைத்தாலும் தட்டில் இருக்கட்டும். எண்ணெய்ப் பலகாரத்தையும் பாட்டில் கூல்டிரிங்க்ஸையும் குறைத்துக்கொள். தினமும் வேகமாக நட. எடை மெஷினில் அடிக்கடி ஏறாதே. ஒரு டேப் வாங்கி இடுப்பைச் சுற்றி அள. நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகுக்குப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எல்லை. அதைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்கலாம், நாமாகப் பட்டினி கிடக்க வேண்டாம். சாப்பாட்டைக் கண்டாலே பயமோ, சாப்பிட்டபின் குற்ற உணர்வோ வந்தால் மறைக்காதே. உடனே என்னிடமோ அம்மாவிடமோ சொல். அதற்கும் வைத்தியம் உண்டு.

இன்னொன்றும் கேள். உன் வகுப்பில் ஒல்லியான பையன்கள் இருப்பார்கள். "நோஞ்சான்" என்ற பேச்சு தாங்காமல் ஜிம்முக்குப் போய், யார் யாரோ விற்கிற பவுடரையும் ஊசியையும் வாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பெண் மெலிய வேண்டும், ஆண் புடைக்க வேண்டும் என்று சொல்வது ஒரே ஊர் வாய்தான். நீ யார் உடம்பையும் பேச்சுக்கு எடுக்காதே. உன்னிடம் யாராவது எடுத்தால், "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போ. அதற்கு மேல் விளக்கம் சொல்ல நீ யாருக்கும் கடமைப்படவில்லை.

இந்த வாரமே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார். 12க்குக் கீழே இருந்தால் அவர்கள் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எனக்கு எழுது. உன் அண்ணனை நான் கூட்டிப்போய் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, அவன் இடுப்பளவையும் சேர்த்து உனக்கு எழுதுகிறேன். இனி இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே கணக்குதான்.

அன்புடன்,
உன் அத்தை