கணினிக்கு எந்த மென்பொருள்?

ஏரவாடா, புனே நகரின் ஒரு பகுதி. அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக் கணக்கு எழுதக் கணினி வாங்கப் போகிறார். கணினி வெறும் கருவிதான். அதை வேலை செய்ய வைப்பது மென்பொருள். மென்பொருளில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, வணிக மென்பொருள். விண்டோஸ் இந்த வகை. இதற்கு விலை உண்டு. அனுமதி இல்லாமல் பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுப்பது குற்றம்.

மற்றொன்று, திறந்த மென்பொருள். சட்டைக்கான அளவையும் வெட்டும் முறையையும் எழுதிக் கொடுத்தால், தையல் தெரிந்த எவரும் தைக்கலாம் அல்லவா? அது போல இதன் செய்முறை திறந்தே இருக்கும். எவரும் திருத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம். பெரும்பாலும் விலை இல்லை. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் இந்த வகை.

நம் நாட்டிலும் லினக்ஸைக் கொண்டு 'பாஸ்' என்ற மென்பொருள் செய்யப்பட்டது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் 2007-இல் அதை வெளியிட்டது. அதன் தலைமையகம் புனேயில்தான் இருக்கிறது. பாஸில் தமிழிலும் மராத்தியிலும் எழுதலாம்.

விலை இல்லை என்பது மட்டும் போதுமா? போதாது. சில மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும். லினக்ஸ் தெரிந்த ஆளும் பக்கத்தில் வேண்டும். வரவு செலவு எழுத மட்டும் என்றால் லிப்ரே ஆபீஸ் போதும். அதற்கு விலை இல்லை.

'விண்டோஸை இலவசமாகப் போட்டுத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் கவனம் தேவை. அது திருட்டுப் பிரதியாக இருக்கலாம். அதோடு வைரஸ் வந்தால் கணக்கு முழுவதும் அழிந்துபோகலாம்.

வாங்கும் முன் கேளுங்கள்:
எந்த வேலைக்கு?
எவ்வளவு செலவு?
பழுதானால் யார் சரிசெய்வார்?