கேஸ் இருக்கு, வேலை வேண்டும்

வேலை தேடிக் கிளம்பும் முன் உங்கள் வழக்கைத் தேடிப் பிடியுங்கள். சில வருடம் சிறையில் இருந்து வந்தவரும் சரி, திருவிழாத் தகராறில் ஒரு ராத்திரி ஸ்டேஷனில் உட்கார்ந்து வந்தவரும் சரி, "என் மேல ஒரு கேஸ் இருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். எந்தப் பிரிவு, எந்தக் கோர்ட், இப்போது என்ன நிலை என்று கேட்டால் "வக்கீலுக்குத்தான் தெரியும்" என்பார்கள். வேலைக்கு எடுப்பவர் கேட்கப்போவது அதைத்தான்.

எஃப்.ஐ.ஆர். போட்டதோடு நிற்கிறதா, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, விசாரணை நடக்கிறதா, விடுதலையா, தண்டனையா? சட்டப்படி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எடை. இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் வழக்கின் நிலை தெரியும். எண் இல்லாவிட்டால் பெயரைப் போட்டும் தேடலாம். முடிந்த வழக்கு என்றால் அந்தக் கோர்ட்டிலேயே நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். "விடுதலையாகிட்டேன் சார்" என்று வாயால் சொன்னால் யோசிப்பவர், முத்திரை விழுந்த காகிதத்தைப் பார்த்தால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

எஃப்.ஐ.ஆர். போட்டுப் பல வருடமாகியும் குற்றப்பத்திரிகையே வரவில்லை என்றால் அதையும் சும்மா விடாதீர்கள். மூன்றாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களைக் கோர்ட் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளக் கால வரம்பு உண்டு. அதைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். பழைய வக்கீல்கள் '482 மனு' என்பது இதைத்தான். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 528. கையில் காசில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், வருமான வரம்புக்குள் வருபவர்கள் என எல்லோருக்கும் அங்கே இலவச வக்கீல் உண்டு. போன் எண் 15100.

போராட்ட வழக்குகள் தனி ரகம். ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளையும், கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளையும் வாபஸ் பெறுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. இரண்டிலும் சில விதிவிலக்குகள் உண்டு. அறிவிப்பு பேப்பரில் வந்ததால் உங்கள் வழக்கு முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். கோர்ட்டுக்குப் போன வழக்கை அரசு வக்கீல் மனு போட்டு, கோர்ட் சம்மதித்தால்தான் வாபஸ் பெற முடியும். உங்கள் எண்ணுக்கு அப்படி உத்தரவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, இன்னிக்கே முடிஞ்சிடும்" என்று கோர்ட் வராந்தாவில் பத்துப் பேர் சொல்வார்கள். வேலை தேடுகிற வயதுப் பையனுக்குச் சொல்லக்கூடிய மிக மோசமான யோசனை இது என்பேன். ஒத்துக்கொண்டு நூறு ரூபாய் அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான். "தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்று படிவம் கேட்டால் ஆம் என்றே எழுத வேண்டும். சாதாரணக் காயம் போன்ற சமரசத்துக்கு இடமுள்ள பிரிவாக இருந்தால் எதிர்த் தரப்போடு பேசிக் கோர்ட் வழியாகவே சமரசம் ஆகுங்கள். அது விடுதலைக்குச் சமம். குற்றம் நிரூபணமாகும் என்றே தோன்றினாலும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். அதன் 3, 4 பிரிவுகளின்படி எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12-ஆம் பிரிவு. ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவருக்கு இது முழுக் கவசம் ஆகாது. செய்த செயலுக்காகத் துறை நடவடிக்கை எடுக்கலாம்.

அடுத்து, படிவம். மறைப்பதா, சொல்வதா? 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகவே சொன்னது: சரிபார்ப்புப் படிவத்தில் தருகிற தகவல் உண்மையாக இருக்க வேண்டும்; கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்; குறிப்பாகக் கேட்டதைத்தான் சொல்லக் கடமை. ஆகவே படிவத்தை நிதானமாகப் படியுங்கள். 'கைது செய்யப்பட்டதுண்டா', 'வழக்கு நிலுவையில் உள்ளதா', 'தண்டனை உண்டா' என்பவை மூன்று தனிக் கேள்விகள். விடுதலையானவர் மூன்றாவதற்கு இல்லை என எழுதலாம்; முதலாவதற்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது.

மறைத்தவர்களும் சில சமயம் ஜெயித்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2004-ஆம் ஆண்டு அறிவிப்பில் கான்ஸ்டபிளாகத் தேர்வான ரவீந்திர குமார், விடுதலையாகிவிட்ட வழக்கைப் படிவத்தில் எழுதவில்லை. அவரை வேலையில் சேர்க்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024-ல். நியாயம் கிடைக்க இருபது வருடம்! இதை மறைப்பதற்கான ஆதாரமாக யாராவது உங்களிடம் காட்டினால் தேதியைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்கு விதி இன்னும் இறுக்கம். 'சந்தேகத்தின் பலன்' கொடுத்து விடுதலையானவரைக்கூடத் தகுதியற்றவராகக் கருத அதில் இடமுண்டு. சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008-ல் அதை ஏற்றிருக்கிறது. அப்படிப்பட்ட தீர்ப்பு உள்ளவர் காக்கிச் சட்டைக் கனவுக்காகப் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் நல்ல வக்கீல் ஒருவரைப் பார்ப்பது உத்தமம்.

தனியார் வேலை வேறு உலகம். பட்டறையிலோ, சமையல் கான்ட்ராக்டிலோ படிவமே இருக்காது. ஓனர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். முதல் போனிலேயே கொட்டாதீர்கள். வேலைக்குச் சேர்ந்தபின் இன்னொருத்தர் வாயால் தெரியவரும்படியும் விடாதீர்கள். ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொல்வார்கள். காட்டிவிட்டு, சம்பளம் பேசுவதற்கு முன் சொல்வதே சரியான நேரம். இந்த அளவு போதும்:

"சார், ஒண்ணு சொல்லிடறேன். 2017-ல ஒரு அடிதடி கேஸ்ல எனக்குத் தண்டனை ஆச்சு. முடிச்சுட்டு வந்துட்டேன். இப்போ வேற கேஸ் எதுவும் கிடையாது, பேப்பர் கையில இருக்கு. போன வருஷம் முழுக்க வெல்டிங் பட்டறையிலதான் இருந்தேன். அந்த ஓனர் நம்பர் தரேன், கேட்டுக்கங்க."

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் முதலில் கை வைத்தது, யார் மாட்டிவிட்டது என்ற கதையை ஆரம்பித்தால் கேட்பவர் மனதில் அந்தச் சண்டைதான் நிற்கும், உங்கள் வெல்டிங் நிற்காது. நற்சாட்சிக்கு வார்டு கவுன்சிலரின் லெட்டர்பேடைத் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை. உங்களை வேலை வாங்கிய மேஸ்திரி போனில் பேசும் ரெண்டு நிமிஷத்துக்கு மதிப்பு அதிகம்.

பெரிய கம்பெனிகள் சரிபார்ப்பை வெளி ஏஜென்சிகளிடம் விடுகின்றன. கோர்ட் பதிவுகளைப் பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று போட்டுத் தேடுவது அவர்கள் வேலை. நம்மூரில் இது பெரிய வம்பு. தெருவுக்கு நாலு மணிகண்டன். இனிஷியல் ஒரு கார்டில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயராகவே நீண்டிருக்கும். எவனோ செய்தது உங்கள் கணக்கில் வந்து விழலாம். அப்படி ஆனால் வேலை போயிற்றே என்று திரும்பாமல், எந்த வழக்கு எண் என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த வழக்கின் முகவரியும் வயதும் உங்களுடையதல்ல என்று காட்டிவிடலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி உங்களுக்கு நீங்களே சரிபார்ப்புச் சான்று வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு.

வேறு எதுவும் கிடைக்காவிட்டால் வாட்ச்மேன் வேலைக்காவது போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தண்டனை பெற்றவரைக் காவலாளியாக வைக்கக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டமே சொல்கிறது. அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். கைத்தொழில் பக்கம் போங்கள். புழல், கோவை, வேலூர் போன்ற மத்திய சிறைகளில் தையல், நெசவு, பேக்கரி எல்லாம் நடக்கின்றன. இந்தியன் ஆயிலோடு சேர்ந்து சிறைத்துறை பெட்ரோல் பங்க்கே நடத்துகிறது. உள்ளே செய்தது வேலை அனுபவம்தான். 'தையல் பிரிவு, சிறைத்துறை தொழிற்கூடம், 3 ஆண்டு' என்று பயோடேட்டாவில் எழுதுங்கள். இடைவெளியை விட்டுவிட்டு மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

நீண்ட காலம் உள்ளே இருந்தவருக்கு வழக்கைவிடப் பெரிய தடை அட்டைகள். ஆதாரில் இணைத்த செல் நம்பர் எப்போதோ வேறொருவருக்குப் போயிருக்கும், ஓ.டி.பி. வராமல் எதுவும் நகராது. முதலில் ஆதார் மையத்துக்குப் போய்ப் புது நம்பரை இணையுங்கள். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு செயலிழந்திருக்கும், கே.ஒய்.சி. கொடுத்து உயிர்ப்பிக்கலாம். லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும்.

வளைகுடா போக நினைப்பவர்கள் கவனிக்க: தண்டனை பெற்ற எல்லோருக்கும் பாஸ்போர்ட் மறுக்கப்படுவதில்லை. கடந்த ஐந்தாண்டுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு, இரண்டு வருடத்துக்குக் குறையாத தண்டனை என்று மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் காரணத்துக்காக மறுக்கலாம். வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் அதே கோர்ட்டின் அனுமதியோடு குறுகிய காலப் பாஸ்போர்ட் வாங்க முடியும். சிறுவனாக இருந்தபோது நடந்ததற்கு, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தகுதியிழப்பை நீக்குகிறது. கொடுங்குற்றத்தில் பெரியவராகவே விசாரிக்கப்பட்ட 16 வயதைக் கடந்தவர்கள் மட்டும் இதில் சேரமாட்டார்கள்.

வேலை கொடுப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழக்குக்கும் நீங்கள் கொடுக்கும் வேலைக்கும் சம்பந்தம் உண்டா என்று பாருங்கள். பணக் கையாடலில் தண்டனையானவரைக் கல்லாவில் உட்கார வைக்க யாரும் சொல்லவில்லை. அவர் லேத் ஓட்டினால் உங்களுக்கு என்ன நஷ்டம்? எடுத்தபின் அவர் கதையைக் கடைப் பையன்களிடம் சொல்லாதீர்கள். வழக்கு நடப்பவராக இருந்தால் வாய்தாவுக்கு லீவு கொடுங்கள். போகாவிட்டால் பிடிவாரண்ட் வந்து உங்கள் ஆள் காணாமல் போவார்.

வேலைக்குப் போகிறவரும் வாய்தா தேதியை அன்று காலை போன் போட்டுச் சொல்லக் கூடாது; கோர்ட்டில் தேதி கொடுத்த அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். ஆர்டர் நெருக்கடியான நாளாக இருந்தால், நேரில் வருவதிலிருந்து அன்றைக்கு மட்டும் விலக்குக் கேட்டு மனு போட வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.